எழுபது வளைவும் ஒரு மச்சினனும்!

என் மச்சினனுக்கு வேலை கிடைத்தது. அதனால்தான் அவனுடைய காறை எலும்பு உடைந்தது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பையனுக்கு வேலை கிடைத்தால் கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்கு அர்ச்சனை செய்வதாக என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டது அவர். போகவேண்டியது மச்சினன். கூட்டிப்போகவேண்டியது நான். (எல்லாக் குடும்பங்களிலும் வேண்டுதல் இப்படித்தான் கைமாறுகிறது!) நவம்பர் கடைசி. திங்கட்கிழமை அவன் சென்னையில் டியூட்டியில் சேரவேண்டும். மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

"பஸ்ல போயிடலாம் மாமா" என்றான்.

"பஸ்ஸுக்கு யார் காத்துக்கிட்டு நிக்கிறது மாப்ள? ஸ்கூட்டரை எடுத்தா காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்றவன், சாட்சாத் அடியேன்தான்.

கிளம்புவதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் பி.காம். எந்தச் செலவைப் பார்த்தாலும் 'இதை அடுத்த வருஷக் கணக்குக்குத் தள்ள முடியுமா?' என்றுதான் முதலில் யோசிப்பேன். ஸ்கூட்டரின் முன் டயரை மாற்றச் சொல்லி மெக்கானிக் மூன்று மாதமாக மன்றாடிக்கொண்டிருந்தார். டயரின் பள்ளங்களுக்குள் எட்டிப் பார்த்தால் சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். மேலே உள்ள பட்டன் தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயருக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். என் டயரில் திட்டு எது, பட்டன் எது என்று கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். "இன்னும் ஆறு மாசம் ஓடும்ப்பா" என்று நானே ஆயுள் நீட்டிப்பு கொடுத்திருந்தேன்.

அடுத்தது ஹெல்மெட். என்னிடம் ஒரு நல்ல ஹெல்மெட் இருந்தது. பின்னால் உட்காருபவருக்கும் வேண்டுமே? போலீஸ் பிடித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் ரோட்டோரத்தில் கயிறு கட்டித் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். பேரம் பேசி 250 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். முத்திரைகூட ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்! உள்ளே கனமான தெர்மாகோல் இருக்கவேண்டிய இடத்தில் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு ஸ்பாஞ்ச். அடி விழும்போது அந்தத் தெர்மாகோல் நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஹெல்மெட். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

நல்ல ஹெல்மெட் யார் தலையில், 250 ரூபாய் யார் தலையில் என்று நீங்கள் கேட்கவேண்டாம். கேட்கவேண்டியவர் பிறகு கேட்டார்.

சேலத்திலிருந்து ராசிபுரம் வரைக்கும் ஒரு பிரச்னையும் இல்லை. பேளுக்குறிச்சி தாண்டியதும் கிராமத்து ரோடு. பாதி ரோட்டுக்குச் சோளத்தட்டைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் இலவசமாகக் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு! லாரிக்கு அது ஒன்றுமில்லை. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்துக்கு உதிர்ந்த தானியம் பேரிங் குண்டு மாதிரி. அதற்கு மேல் பிரேக் பிடித்தால் நேரே பிச்சாண்டவர் தரிசனம். பிடிக்காமல், ஹாண்டிலைத் திருப்பாமல், ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு நேராக உருட்டிக்கொண்டு போனேன்.

"சூப்பர் மாமா" என்றான் மச்சினன்.

இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, ஸார். ஆயுத பூஜைக்கு மறுநாள் சேலம் ரோட்டில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்திருக்கிறேன். (வண்டிக்குத் திருஷ்டி கழிக்க உடைத்த காய். அடுத்த வண்டிக்காரனின் இடுப்பையும் கழித்தது.) மழை நாளில் ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட்டிலும், பாதாளச் சாக்கடை மூடியிலும் டான்ஸ் ஆடியிருக்கிறேன். ஒரு கோடைக்குப் பிறகு பெய்கிற முதல் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் எமகண்டம். அதுவரை ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து தோசை மாவாகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் பரவாயில்லை. தூறல்தான் ஆபத்து.

இவ்வளவும் தெரிந்தவன்தான் விழுந்தேன்.

மலையடிவாரம் காரவள்ளி. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நாமக்கல் பக்கம் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் ஒருவராவது லாரி டிரைவராக இருப்பார். இருந்தார். அறுபது வயசுக்கு மேல். இமயமலை வரை லாரி ஓட்டியவராம். எங்கள் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இதுலயா ரெண்டு பேரும் ஏறப்போறீங்க?"

"ஆமாங்க."

"ஏர்றது பெருசில்லைங்க. எறங்கறதுதான். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்கணும். பிரேக்க தொடவே தேவையிருக்காது."

"இதுல கியரே இல்லீங்களே!"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அப்ப பிரேக்கை நம்பித்தான் பொழப்புன்னு சொல்லுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு வரியில்தான் சூட்சுமமே இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

என் அப்பா பழைய கியர் ஸ்கூட்டர் வைத்திருந்தார். இடது கையில் கியர், ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து நமஸ்காரம் பண்ணி உதைக்கவேண்டிய ஜாதி. அதில் ஏற்காட்டிலிருந்து எங்களை இறக்கிக்கொண்டு வருவார். இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காலத்துக் கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் சக்தியை நடுவில் ஒரு கிளட்ச் தானாகவே பிடிக்கும், தானாகவே விடும். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் கழன்றுகொள்ளும். அப்புறம் எஞ்சின் தனி, சக்கரம் தனி. இறக்கத்தில் வண்டி உருளும் உருண்டைக்கல். பிடித்து நிறுத்த இரண்டு பிரேக் மட்டும்தான்.

ஏற்றம் ஆரம்பித்தது. கொல்லிமலைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொரு வளைவிலும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: 1/70, 2/70... பத்து வரை மச்சினன் உற்சாகமாகச் சத்தம் போட்டு எண்ணினான். முப்பதில் முனகினான். நாற்பதில் மௌனம். ஐம்பதுக்கு மேல் "மாமா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் சாப்பிட்ட இட்லிக்கும் அவனுக்கும் தகராறு.

ஆனால் என்ன மலை! ஒவ்வொரு வளைவிலும் கீழே நாம் விட்டுவந்த ரோடு பாம்பாகச் சுருண்டு கிடக்கிறது. வயல், தென்னந்தோப்பு, தீப்பெட்டி மாதிரி வீடுகள். இன்னும் ஏறினால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக் கொடி. காற்றில் ஒரு பச்சை வாசனை.

சோளக்காட்டில் முடவாட்டுக்கால் சூப் விற்றார்கள். பாறைகளில் வளரும் ஒரு செடியின் கிழங்கு அது. ஆட்டுக்கால் மாதிரி மேலெல்லாம் ரோமத்தோடு இருக்கும்.

"முட்டி வலிக்கு நல்லதுங்க" என்றார் கடைக்கார அம்மா.

"எங்க ரெண்டு பேருக்கும் முட்டி நல்லாத்தாங்க இருக்குது" என்றேன் பெருமையாக.

"குடிச்சு வெய்யுங்க கண்ணு. பின்னால ஆகும்."

அவருக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்!

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்தோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு ராஜா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் சாய்த்தானாம். அறப்பளீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை நன்றாக நடந்தது. மச்சினன் பெயர், நட்சத்திரம், கம்பெனி பெயர் எல்லாம் சொல்லிவிட்டோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். ஐம்பதாவது வளைவில் இழந்த தெம்பு மச்சினனுக்கு இன்னும் திரும்பவில்லை. ஆகவே அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டோம். திரும்பும் வழியில் 300 ரூபாய்க்கு ஒரு மலைவாழைத் தார் வாங்கி, காலுக்கு நடுவே ஃபுட்போர்டில் நிறுத்திவைத்தேன். மாமியாருக்குப் பிரசாதம், எனக்கு நல்ல பெயர்.

மூன்று மணிக்குத் தூறல் பிடித்தது.

இறக்கம் ஆரம்பித்ததும் என் பி.காம். மூளை வேலை செய்தது. வண்டிதான் தானாக உருள்கிறதே, எஞ்சின் எதற்கு? சாவியைத் திருப்பி ஆஃப் செய்தேன். பெட்ரோல் மிச்சம்!

"மாமா, ஆஃப் பண்ணலாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ள."

கொல்லிப்பாவை என்று இந்த மலையில் ஒரு பெண் தெய்வத்தின் கதை உண்டு. பாவை சிரிப்பாளாம். அதில் மயங்கிக் கிட்டே போனவன் திரும்பி வரமாட்டானாம். மழையில் நனைந்த ரோடு அன்றைக்கு அப்படித்தான் பளபளவென்று சிரித்தது. அறுபது, ஐம்பது, நாற்பது... வளைவுகள் இறங்கு வரிசையில் குறைந்துகொண்டே வந்தன. பஸ் வந்தால் ஒதுங்கி நின்றேன். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. அந்த மரியாதையெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரியாமல் போனது, இடது கை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த பின் பிரேக்கின் கஷ்டம்தான். டிரம் பிரேக்கை இடைவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் உள்ளே சூடேறி, பிடிப்பு குறைந்துகொண்டே போகும். முப்பதாவது வளைவு வாக்கில் லீவர் ஹாண்டில் வரைக்கும் வந்தது. வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிஷம் ஆறவிட்டிருக்க வேண்டும். 'இன்னும் முப்பதுதானே' என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. டயருக்கு ரோட்டில் இருக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. திரும்புவதற்கும் அதில்தான் செலவு, பிரேக் பிடிப்பதற்கும் அதில்தான் செலவு. வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டால் மொத்தச் சம்பளமும் திரும்புவதற்குக் கிடைக்கும். வளைவின் நடுவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால் ஓவர் டிராஃப்ட். மழை நாளில் பாதிச் சம்பளம். தேய்ந்த டயர் என்றால் அதிலும் பிடித்தம்!

24-வது வளைவு. வேகம் என்ன என்கிறீர்கள்? சைக்கிள் வேகம்தான். பின் பிரேக் வழக்கம்போல் கைவிட்டது. வளைவின் நடுவில், வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்த நேரத்தில், பயத்தில் வலது கையால் முன் பிரேக்கை நறுக்கென்று பிடித்தேன். கீழே ஈர இலைகள். முன் சக்கரம் பக்கவாட்டில் போனது.

ஓரி ஒரே அம்பில் ஐந்தைச் சாய்த்தான். நான் ஒரே ஈர இலையில் ஸ்கூட்டர், மச்சினன், வாழைத்தார், அர்ச்சனைத் தட்டு, என்னையும் சேர்த்து ஐந்தைச் சாய்த்தேன்.

ஒரு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு முட்டியிலும் உள்ளங்கையிலும் தோல் போயிருந்தது. எழுந்து பார்த்தேன். மச்சினனின் ஹெல்மெட் தலையில் இல்லை. பட்டையின் கொக்கி பிய்த்துக்கொண்டு, அது கீழே அடுத்த வளைவை நோக்கி 'டொக் டொக்' என்று உருண்டு போய்க்கொண்டிருந்தது. மச்சினனின் தலை வாழைத்தாரின் மேல் இருந்தது. தலையணை வைத்துப் படுத்தவன் மாதிரி.

250 ரூபாய் ஹெல்மெட் கைவிட்டதை 300 ரூபாய் வாழைத்தார் தாங்கியது என்று இன்றைக்கு நண்பர்களிடம் ஜோக்காகச் சொல்கிறேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. தாருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, தடுப்புச் சுவரின் கருங்கல் முனை. அந்த ஒரு சாணை நான் ராத்திரியில் படுத்துக்கொண்டு எத்தனையோ தடவை அளந்து பார்த்துவிட்டேன்.

"மாமா... தோள்பட்டை" என்றான். முகம் வெளுத்திருந்தது. விழும்போது கையை ஊன்றியிருக்கிறான். யாராக இருந்தாலும் ஊன்றத்தான் செய்வார்கள். ஊன்றிய அதிர்ச்சி தோள் வழியாக ஏறி, கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பில் போய் உடையும். டூ வீலரில் விழுகிறவர்களுக்குச் சாதாரணமாக உடைகிற எலும்பு அது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நான் அவனைத் தூக்கப் போனேன். "தூக்காதீங்க!" என்று ஒரு சத்தம். கீழேயிருந்து ஏறி வந்த சரக்கு வண்டியின் டிரைவர். முப்பது வயசு இருக்கும். இறங்கியவர் முதலில் எங்களிடம் வரவில்லை. ஒரு மரக்கிளையை ஒடித்து, மேல்பக்கம் கொஞ்ச தூரம் போய் ரோட்டில் போட்டுவிட்டு வந்தார். மேலிருந்து பஸ் வந்தால் டிரைவருக்குத் தெரிய வேண்டுமே! அப்புறம்தான் மச்சினனிடம் குனிந்தார்.

"கழுத்து வலிக்குதுங்களா? கால் வெரலை ஆட்டுங்க. மயக்கம் வருதா?"

ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மெதுவாக உட்காரவைத்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். "இப்ப வேண்டாங்க. ஆபரேசன்னு சொன்னா வெறும் வயித்துல இருக்கோணும்" என்றார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து முக்கோணமாக மடித்து, இடது கையை மார்போடு சேர்த்துக் கழுத்தில் கட்டினார். எங்கே கற்றுக்கொண்டாரோ! நான் பதினேழு வருஷம் படித்ததில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

108-க்குப் போன் போட்டோம். மலைக்குக் கீழேயிருந்து வருவதற்குள் நாமே இறங்கிவிடலாம் என்றார் அவர். கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"ஆஸ்பத்திரில என் பேரைக் கேப்பாங்களா? கேஸு கீஸுன்னு அலையவிடுவாங்களா தம்பி?"

என் பி.காம். அறிவு அன்றைக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு இடத்தில்தான். விபத்தில் உதவி செய்பவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் செய்து அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் வந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் கையைத் தொங்கலில் போட்டால் கூடிவிடும் என்றார் டாக்டர். பணம் கட்ட ஓடினேன். விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, ஒரு தொகை வரைக்கும், அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அந்தத் திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது என்றார்கள். என் பர்ஸ் தப்பித்தது. சந்தோஷப்படும் நிலைமையில் நான் இல்லை.

ஏனென்றால் வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும்.

"அக்காகிட்ட நான் சொல்றேன் மாமா. நான்தான் ஆடிக்கிட்டே வந்தேன்னு சொல்லிடறேன்" என்றான் மச்சினன், ஒற்றைக் கையோடு. அது இன்னும் மோசமாக இருந்தது. நானே பேசினேன்.

"தலைல அடி இல்லையே?"

"இல்ல."

"ஹெல்மெட் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தான்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு வாங்கும் நேரம் மௌனம்.

"எந்த ஹெல்மெட்டுங்க?"

இருபது வருஷம் ஆடிட் பண்ணினவர்கூட இப்படி நேராக அந்த வவுச்சரைத் தொட்டிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் முன் டயர் புதுசாக வந்தது. பின் பிரேக்குக்குப் புது ஷூ. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த சின்ன வண்டிகளில் இடது லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. என் வண்டி அதற்கு முந்தியது. ஆகவே 'இரண்டு லீவரையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக' என்று மெக்கானிக் என்னை ஒரு காலி மைதானத்தில் எல்.கே.ஜி. பையன் மாதிரி பிராக்டிஸ் பண்ண வைத்தார். ஹெல்மெட் வாங்க மனைவியே வந்தாள். ஒரே மாதிரி இரண்டு. என்னுடைய பழைய ஹெல்மெட்டும் ரோட்டில் உரசியிருந்தது. ஒரு தடவை அடி வாங்கினால் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மறுபடி தாங்காது என்று அதையும் தள்ளிவிட்டாள். கடைக்காரர் எதிரிலேயே பட்டையை மாட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். நான் விலையைப் பார்க்கவில்லை. பார்க்கவிடவில்லை.

மச்சினன் ஒரு வாரம் தாமதமாக, கையைத் தொங்கவிட்டுக்கொண்டே டியூட்டியில் சேர்ந்தான்.

பொங்கல் லீவுக்கு அவன் வந்தபோது, அந்த டிரைவரின் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள் மனைவி. கூடவே ஒரு வேட்டி. கொண்டுபோய்க் கொடுக்க இருவரும் காரவள்ளிக்குப் போனோம். பஸ்ஸில்தான்! டீக்கடையில் விசாரித்தோம். மலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார், உட்காருங்கள் என்றார் கடைக்காரர். அதே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

மச்சினன் என் தொடையைத் தட்டினான்.

கடையின் முகப்பில், ஆணியில், தலைகீழாக ஒரு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்ந்த பட்டைக்குப் பதில் சணல் கயிறு. உள்ளே, ஸ்பாஞ்சின் மேல், நாமக்கல் முட்டைகள் ஒரு இருபது.

"இது ஏதுங்க?" என்றேன்.

"ரோட்டுல கெடந்துதுன்னு நம்ம வண்டிக்காரத் தம்பி கொண்டாந்து குடுத்தாப்டி. தலைக்கு ஆகாதுங்க இது. முட்டைக்கு ரொம்ப நல்லாருக்குது" என்று ஒன்றை எடுத்து ஆம்லெட்டுக்கு உடைத்தார்.

மச்சினன் ஹெல்மெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எனக்கு டபுள் ஆம்லெட் மாமா" என்றான். "காசு நீங்கதான்."